ஈரத் தலையில் ஹாட் ஏர் பிரஷ் வேண்டாமே!

"டாக்டர், பொண்ணுக்கு முடி கொத்துக் கொத்தா கொட்டுது. நல்ல தைலமா கொடுங்க" என்று கல்லூரி மாணவியான மகளை ஒரு தாய் அழைத்து வந்தார். சீப்பில் இருந்த முடியைப் பார்த்தேன். வேரோடு விழும் முடியின் அடியில் வெள்ளையாகச் சின்ன முண்டு தெரியும். இதில் அது இல்லை. எல்லாம் பாதியில் ஒடிந்த துண்டுகள்!

"தலைக்குக் குளிச்சதும் என்னம்மா செய்வே?"

"பஸ்ஸுக்கு நேரமாயிடும் டாக்டர். ஈரத்தோடயே ஹாட் ஏர் பிரஷ் போட்டுடுவேன்."

கோளாறு அங்கேதான். முடிக்குள் இருக்கும் தண்ணீர் அதிகச் சூட்டில் ஆவியாகி உள்ளேயே குமிழி கட்டும். மெல்லிய முடி அந்த இடத்தில் ஒடிந்துவிடும்.

பிரஷ்ஷைத் தூக்கிப் போட வேண்டாம். இப்படிச் செய்யுங்கள்:

* பழைய பருத்தித் துணியால் ஒற்றுங்கள், தேய்க்காதீர்கள். ஃபேன் காற்றில் முக்கால்வாசிக்கு மேல் உலரட்டும்.

* சிக்கெடுத்து, சிறு பகுதிகளாகப் பிரியுங்கள். குறைந்த சூட்டில் வேரிலிருந்து நுனிவரை மெதுவாக இழுங்கள். ஒரே இடத்தில் நிறுத்தாதீர்கள்.

* நுனியை உள்பக்கமாகச் சுற்றி, ஆறிய பிறகே பிரஷ்ஷை எடுங்கள். ஆறும்போது இருக்கும் வடிவத்தைத்தான் முடி பிடித்துக்கொள்ளும். மறுபடி ஈரம் பட்டால் கலைந்துவிடும். கடலோர ஊர்களில் முடி சிலுப்பிக்கொள்வது இதனால்தான்.

* தேங்காய் எண்ணெய் கடைசியில்தான். இரண்டு சொட்டை உள்ளங்கையில் தேய்த்து நுனியில் மட்டும் தடவுங்கள்.

வாரம் ஓரிரு முறை போதும். ஒடிந்த முடி ஒட்டாது. புதுமுடி மாதம் சுமார் 1 செ.மீ. வளரும். அந்தப் பெண்ணுக்கு நான் தைலம் கொடுக்கவில்லை. "பத்து நிமிஷம் முன்னாடி எழுந்திரும்மா" என்றேன்.

தினம் 50 முதல் 100 முடி வேரோடு உதிர்வது இயல்பு. அதற்கு மேல் போனால் வைத்தியரைப் பாருங்கள்.