ஏலத்தில் எடுத்த பொருள் காணாமற் போனால்...

மணியாச்சிப் பக்கத்து விவசாயி ஒருவர், கோவில்பட்டியில் நடந்த ஏலத்தில் பழைய கொத்துக் கலப்பை ஒன்றை எடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மூன்றாம் தரம் சொல்லி ஏலம் முடிந்தது. பணத்தைக் கட்டி ரசீதும் வாங்கிவிட்டார். டிராக்டர் அன்று கிடைக்காததால், மறு வாரம் எடுத்துக்கொள்வதாகச் சொல்லி ஊர் திரும்புகிறார். மறு வாரம் போனால் கொட்டகையில் கலப்பை இல்லை. "ஏலம் விட்டதோடு எங்கள் பொறுப்பு தீர்ந்தது" என்கிறார்கள். புரட்டாசி விதைப்போ நெருங்கிவிட்டது.

அவர்கள் சொல்வது பாதி உண்மை. அந்தப் பாதியை முதலில் தெரிந்துகொள்வோம்.

1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டப்படி, ஏலம் கூறுபவர் சுத்தியலைத் தட்டியதும், அல்லது வழக்கப்படி மூன்றாம் தரம் சொன்னதும், விற்பனை முடிந்துவிடுகிறது. அதுவரை கேட்ட விலையை வாபஸ் வாங்கலாம். அதன் பிறகு இயலாது. இன்ன பொருள் என்று அடையாளம் தெரிந்து, எடுத்துச் செல்லத் தக்க நிலையிலும் இருந்தால், அந்த நேரமே அது வாங்கியவருக்குச் சொந்தம். பணத்தைப் பின்னால் கட்டினாலும், பொருளைப் பின்னால் எடுத்தாலும் இதில் மாற்றமில்லை. ஏல நிபந்தனையில் வேறு விதமாகச் சொல்லியிருந்தால் மட்டும் மாறும். சொந்தம் யாருக்கோ, நஷ்டமும் பொதுவாக அவருக்கே.

இங்கிலாந்தில் 1827-இல் தீர்ப்பான ஒரு வழக்கு விவசாயிகளுக்கு எளிதில் விளங்கும். ஒருவர் 145 பவுனுக்கு ஒரு புல் படப்பை வாங்கினார். மே மாதம் வரை அது அங்கேயே இருக்கலாம், பணம் கட்டும் வரை பிரித்து எடுக்கக் கூடாது என்று பேச்சு. அதற்குள் படப்பு தீப்பிடித்து எரிந்துவிட்டது. ஒரு கட்டுப் புல் கூட வீட்டுக்கு வராத நிலையிலும், நஷ்டம் வாங்கியவருக்கே என்று நீதிமன்றம் கூறியது. கடுமைதான்! நமது சட்டமும் இதே கொள்கையில் அமைந்ததே.

இனி மீதிப் பாதிக்கு வருவோம். கலப்பை நம்முடையதாகிவிட்டால், கொட்டகையில் வைத்திருப்பவர் அந்த நாள் முதல் பிறர் பொருளை வைத்திருப்பவர் ஆகிறார். தன் சொந்தப் பொருளை ஒரு விவேகமுள்ள மனிதர் எப்படிக் காப்பாரோ, அப்படி அதைக் காக்க வேண்டும் என்கிறது 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம், 151-வது பிரிவு. பொருள் போய்விட்டால், தக்க கவனம் எடுத்ததாக மெய்ப்பிக்க வேண்டியவரும் அவரே. "திருடு போயிற்று" என்று கையை விரித்தால் போதாது. பூட்டு இருந்ததா? இரவுக் காவல் இருந்ததா? வெளியே போகும் பொருளை வாசலில் பதிவு செய்தார்களா? இவற்றுக்குப் பதில் இல்லையென்றால் கலப்பையின் மதிப்பை அவர்தான் தர வேண்டும். எல்லாக் கவனமும் எடுத்தும் திருடு போயிருந்தால், நஷ்டத்தை நாம்தான் தாங்க வேண்டியிருக்கும்.

தாமதம் யாருடையது என்பதும் முக்கியம். நாம் ரசீதோடு போன அன்று, சாவி வைத்திருப்பவர் லீவு, நாளை வாருங்கள் என்று திருப்பி அனுப்பினார்களா? அந்தத் தாமதத்தால் வந்த நஷ்டம் அவர்களுடையது. கெடு தாண்டியும் நாம் போகாமல் இருந்து, அதனால் பொருள் போயிருந்தால் நஷ்டம் நம்மைச் சேரும். ஆகவே போன தேதியை ரசீதின் பின்புறம் எழுதிக் கையெழுத்து கேளுங்கள். தர மறுத்தால் அன்றே ஒரு விரைவுத் தபால் அனுப்பிவிடுங்கள்.

பழைய இரும்பு, தானியம் போன்று எடைக் கணக்கில் எடுக்கும் சரக்கு வேறு வகை. விலையை முடிவு செய்ய விற்பவர் எடை போட வேண்டியிருந்தால், எடை போட்டு நமக்குத் தெரியும் வரை அது நம் பொருள் ஆகாது. 1809-இல் டர்பன்டைன் பீப்பாய்கள் ஏலத்தில் போயின. எடுப்பதற்கு முன் கிடங்கு எரிந்துவிட்டது. விற்றவர் நிரப்பித் தர வேண்டிய பீப்பாய்களில், நிரப்பி முடித்தவை வாங்கியவர் கணக்கில் போயின. நிரப்பாதவை விற்றவர் கணக்கில் நின்றன. நம் நாட்டிலும் காபி போர்டு ஏலம் பற்றிய ஒரு வரி வழக்கில், 1980-இல் உச்ச நீதிமன்றம் ஏல நிபந்தனைகளை வரிவரியாகப் பார்த்தது. முழுப் பணம் கட்டி, எடை போட்டு, பிரித்து வைத்த பிறகே காபி வாங்கியவருக்குச் சொந்தம் என்று கூறியது. நாம் படிக்காமல் கையெழுத்துப் போடும் அந்தத் தாளுக்கு இவ்வளவு பலம் உண்டு.

பொருள் நம்முடையது ஆகுமுன் காணாமற் போனால் கட்டிய பணத்தைத் திரும்பக் கேட்கலாம்.

இன்னொன்று. திருடனிடம் வாங்கியவருக்கு உரிமை கிடையாது. கலப்பை எங்கே அகப்பட்டாலும் அது நம்முடையதே. ஆனால் விற்றவரே அதை இரண்டாம் முறை வேறொருவருக்கு விற்று ஒப்படைத்து, அவரும் விவரம் தெரியாமல் நல்லெண்ணத்தோடு வாங்கியிருந்தால், பொருள் அவருடையதாகிவிடும். நாம் விற்றவரிடம் பணமாகத்தான் வசூலிக்க வேண்டும். பொருளை உடனே எடுக்கச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

காணவில்லை என்று தெரிந்த அன்றே, ஏலத் தேதி, லாட் எண், தொகை குறிப்பிட்டு எழுத்து மூலம் புகார் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். திருட்டு என்றால் போலீசிலும் எழுதிக் கொடுங்கள். ஏலம் விட்டது அரசு அலுவலகமானால், வழக்குத் தொடர இரண்டு மாத முன்னறிவிப்புத் தர வேண்டும். வழக்குக்குப் பொதுவாக மூன்று ஆண்டு கெடு. வக்கீல் வைக்க வசதியில்லாதவர்கள் தாலுகா சட்டப் பணிகள் குழுவை அணுகலாம்.

விதைப்பு தவறிய நஷ்டத்தைக் கேட்க முடியுமா? விற்கும்போதே அவர்களுக்கு அது தெரிந்திருந்தால்தான் முடியும். "விதைப்பு உழவுக்கு வேண்டும், இன்ன தேதிக்குள் எடுத்துக்கொள்வேன்" என்று பணம் கட்டும்போதே ஒரு கடிதம் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.