கொள்ளிடக் கரையை மீட்க: லால்குடிப் பக்கத்து ஊர்களுக்கு ஒரு வேலைமுறை

முக்கொம்பில் காவிரியை விட்டுப் பிரியும் கொள்ளிடம் திருவரங்கத்தைத் தீவாக்கிவிட்டு, வடகரையில் தாளக்குடி, கூகூர், இடையாற்றுமங்கலம், அன்பில் என்று லால்குடி வட்டத்து ஊர்களை ஒட்டிக்கொண்டு கிழக்கே போகிறது. காவிரியைவிட இதன் ஆற்றுமட்டம் தாழ்வு, போக்கும் நேர். மேட்டூர் நிரம்பினால் மிச்சத் தண்ணீரெல்லாம் இந்தப் பக்கம்தான் திருப்பப்படும். 2018 ஆகஸ்டில் மேட்டூரிலிருந்து வினாடிக்கு ஏறத்தாழ இரண்டு லட்சம் கன அடி வந்ததையடுத்து முக்கொம்பு மேலணையின் 45 மதகுகளில் 9 உடைந்தன. திருவானைக்கோவிலையும் நம்பர் 1 டோல்கேட்டையும் இணைத்திருந்த, 1928இல் கட்டிய பழைய இரும்புப் பாலத்தின் தூண்களும் அதே மாதத்தில் சரிந்தன. அப்படிப்பட்ட வேகத்துக்கு முன்னால் வெறும் மண்கரை நிற்காது. ஆனாலும் ஊரார் சேர்ந்தால் கரையை நல்ல அளவுக்குத் திரும்பப் பெற முடியும் என்று நம்புகிறேன்.

வேகமாக ஓடும் தண்ணீர் மணலை அள்ளுகிறது. வேகம் தணிந்த இடத்தில் அள்ளியதைப் போட்டுவிட்டுப் போகிறது. கரையோரத்தில் அந்த வேகத்தைக் குறைப்பதுதான் நம் வேலை; மணலை ஆறே கொண்டுவந்து சேர்க்கும். அமெரிக்காவின் கிழக்குக் கடலோர மணல்தீவுகளில் மரச்சட்ட வேலி நட்டு, புல் வைத்து, காற்று கொண்டுவரும் மணலைப் பிடித்து மேடாக்குகிறார்கள். அங்கே காற்றுக்குச் செய்வதை இங்கே தண்ணீருக்குச் செய்யப் போகிறோம்.

முதலில் காரணம்

மார்கழி முடிவில் தண்ணீர் வடிந்ததும் கரையின் அடியில் இறங்கி நடங்கள். மேலே நின்று பார்த்தால் சரிந்த விளிம்பு மட்டும் தெரியும். அரிப்பு தொடங்குவது அடியில். ஆறு வளையும் இடத்தில் வெளிவளைவில் இருக்கிறீர்களா? எதிரே மணல் அள்ளிய பள்ளம் இருந்து, நீரோட்டம் அதை நாடிக் கரைப்பக்கம் ஒதுங்கியிருக்கிறதா? பள்ளமே காரணம் என்றால், அள்ளுவது நிற்கும்வரை கரையில் என்ன நட்டாலும் பயனில்லை. அந்த ஊர்கள் மனுவை முதலில் கையில் எடுக்க வேண்டும், மண்வெட்டியை அப்புறம்.

இன்னும் இரண்டு காரணங்கள் நம்முடையவை. ஒன்று, வயல் வடிகால். வயலில் மிஞ்சும் தண்ணீர் கரை விளிம்பிலிருந்து நேராகக் கீழே விழுந்தால் இரண்டே பருவத்தில் ஓடை வெட்டிவிடும். அந்த இடத்தில் குழாய் பதித்து, தண்ணீர் விழும் இடத்தில் கருங்கல் பரப்புங்கள். இன்னொன்று, படுகை நிலத்தில் விளிம்புவரை உழுது வாழை வைப்பது. வாழையின் வேர் மேலாக ஓடுவது, கரையைப் பிடிக்காது. விளிம்பிலிருந்து பதினைந்து இருபது அடியை உழாமல் விடச் சொன்னால் மனம் வராதுதான். ஆனால் விடாவிட்டால் அந்த அடிகளோடு சேர்த்து வாழையும் போகும்.

நடந்து முடித்ததும் அளவெடுங்கள். விளிம்பிலிருந்து தள்ளி நிற்கும் பனைமரத்தில் ஆணி அடித்து, அங்கிருந்து விளிம்புவரை நாடா பிடித்து, தேதியோடு ஒரு நோட்டில் எழுதுங்கள். நூறடிக்கு ஓர் இடத்தில் இப்படி வேண்டும்.

அனுமதி

ஆறும் கரையும் அரசுப் புறம்போக்கு. கரையைச் சரிவாக வெட்டவோ ஆற்றில் முளை அடிக்கவோ நீர்வளத் துறையின் ஒப்புதல் வேண்டும். திருச்சியிலேயே ஆற்றுப் பாதுகாப்புக் கோட்டம் இருக்கிறது. அக்டோபர் 2 அல்லது நவம்பர் 1 கிராம சபையில் தீர்மானம் போட்டு அனுப்பினால், தை பிறப்பதற்குள் பேசி முடிக்க அவகாசம் கிடைக்கும். ஆள் உயரத்துக்கும் மேல் செங்குத்தாக நின்று, அடியில் ஆழமாகக் குடைந்துபோன கரைக்குக் கல்லணைப்புதான் வழி. அது துறை செய்ய வேண்டிய வேலை. அங்கே செடி நட்டுக் காலத்தைக் கழிக்காதீர்கள்.

அடியைக் கட்டுதல்

செங்குத்தான கரையை, ஓரடி உயரத்துக்கு இரண்டடி சாய்வு என்ற கணக்கில் சரித்து, தண்ணீர் தெளித்துத் திமிசு போடுங்கள். பிறகு அடிவாரத்தில் மூங்கில் முளைகளை நெருக்கமாக இரு வரிசையாக அடித்து, நடுவே தென்னைமட்டை, விழல், காய்ந்த கிளைகளைத் திணித்துக் கட்டுங்கள். வாய்க்காலுக்குத் தண்ணீர் திருப்பக் கொரம்பு போட்ட பெரியவர்கள் ஊரில் இருந்தால் அவர்களை முன்னே நிறுத்துங்கள். முளை அடிக்கும் கைப்பழக்கம் அவர்களிடம் இருக்கும். ஆனால் கொரம்பைப் போல இது தண்ணீரை மறிக்கக் கூடாது. தண்ணீர் இதற்குள் புகுந்து, வேகம் குறைந்து வெளியேற வேண்டும்.

கரையிலிருந்து ஆற்றுக்குள் இப்படிச் சிறு தடுப்புகளை நீட்டலாம். ஒன்றுக்கொன்று இடைவெளி, தடுப்பின் நீளத்தைப் போல இரண்டு, இரண்டரை மடங்கு இருக்கட்டும். அதிகம் நீட்டினால் தண்ணீர் எதிர்க்கரைக்குத் தள்ளப்படும். அங்கே இருப்பவர்களும் நம்மவர்களே.

நடுதல்

தை மாதம்தான் பொருத்தம். மணலில் ஈரம் இருக்கும். ஆடி வெள்ளத்துக்கு முன் வேருக்கு ஐந்தாறு மாதம் கிடைக்கும். வேர் பிடித்த வெட்டிவேர் பல நாள் தண்ணீரில் மூழ்கினாலும் தாங்கும். நேற்று நட்டது ஒரே இரவில் போய்விடும்.

அடிவாரத்தில் நாணலும் கோரையும். அடர்ந்த திட்டில் வேர்க்கட்டையோடு பெயர்த்து எடுங்கள், இன்னொரு கரையின் விளிம்பிலிருந்து எடுக்காதீர்கள். நாணல் வயலுக்குள் புகுந்தால் விடாத களை, அதனால் அதை ஆற்றுப்பக்கத்தோடு நிறுத்த வேண்டும்.

சரிவில் வெட்டிவேர். கடலூர் நொச்சிக்காட்டு மணலில் பணப்பயிராக விளைவது இதுதான். இரண்டு மூன்று தூர் சேர்ந்த நாற்றின் தோகையைச் சாண் உயரத்துக்கு வெட்டி, வேரைச் சாணிக் கரைசலில் நனைத்து, அரையடிக்கு ஒன்றாக நடுங்கள். வரிசை சரிவின் குறுக்கே போக வேண்டும். மேலிருந்து கீழாக நட்டால் மழைத் தண்ணீருக்கு நாமே வழி போட்டதாகிவிடும். வரிசைக்கு வரிசை மூன்றடி உயரம் போதும். சித்திரை வெயில் தணியும்வரை குடத்தில் தண்ணீர் ஊற்றத்தான் வேண்டும், இதற்குக் குறுக்கு வழி கிடையாது. ஓராண்டில் வேர் பத்தடி ஆழம்வரைகூட இறங்கும்.

சரிவின் மேற்பகுதியில் நொச்சிக் குச்சிகளைச் சாய்வாக, மூன்றில் இரண்டு பங்கு மண்ணுக்குள் போகும்படி செருகுங்கள். மருது, புங்கன், நாவல் போன்ற மரங்கள் விளிம்பிலிருந்து தள்ளியே நிற்கட்டும். விளிம்பில் நிற்கும் பெரிய மரம் தன் கனத்தாலேயே கரையைப் பெயர்த்துக்கொண்டு விழும். சீமைக்கருவேலத்தையும் நெய்வேலிக் காட்டாமணக்கையும் நட வேண்டாம். ஏற்கெனவே நிற்கும் சீமைக்கருவேலத்தை வெட்டி முள்வேலி போடுங்கள்; முதலாண்டில் ஆடு மாடு நுழையாமல் காப்பது நாற்று நடுவதற்குச் சமமான வேலை.

வெள்ளம் வரும்போது

ஆற்றில் தண்ணீர் நிறைந்து நிற்கையில் கரைக்கு வெளிப்பக்கம், ஊர்ப்பக்கத்து அடிவாரத்தில் ஊற்று கிளம்பினால் அதன் நிறத்தைப் பாருங்கள். தெளிந்த நீர் என்றால் கண்காணித்தால் போதும். கலங்கி, மணலைத் தள்ளிக்கொண்டு வந்தால் கரையின் உள்ளே மண் போய்க்கொண்டிருக்கிறது. பதற்றத்தில் அதன் வாயை அடைக்காதீர்கள். அடைத்தால் பக்கத்தில் வேறோர் இடத்தில் பீறிடும். ஊற்றைச் சுற்றி வட்டமாக மணல்மூட்டை அடுக்கி உள்ளே தண்ணீரை உயர விடுங்கள். உயர உயர எதிரழுத்தம் கூடி மணல் வருவது நிற்கும். தெளிந்த நீர் வழிந்தோட ஓரிடத்தில் வாய் விட்டுவிடுங்கள். உடனே வருவாய்த் துறைக்கும் நீர்வளத் துறைக்கும் சொல்லுங்கள். வெள்ளத்தின்போது யாரும் ஆற்றுப்பக்கச் சரிவில் இறங்கக் கூடாது.

தண்ணீர் வடிந்ததும் போன நாற்றுகளுக்குப் பதில் நட்டு, சிதைந்த தடுப்புகளைத் திருத்துங்கள். வெட்டிவேரை ஆண்டுக்கொரு முறை முழங்கால் உயரத்துக்கு வெட்டினால் தூர் பெருகும். வெட்டிய தோகை கூரைக்கும் ஆகும், வாழைக்கு மூடாக்குக்கும் ஆகும். கோடையில் நாணலைக் கொளுத்தும் பழக்கத்தை அந்தக் கரையில் நிறுத்திவிடுங்கள். பனைமரத்து ஆணியிலிருந்து திரும்ப அளந்து நோட்டில் எழுதுங்கள். இரண்டாண்டு நட்டும் அளவு குறைந்துகொண்டே வரும் இடம் எதுவோ அதுதான் கல்லணைப்பு கேட்கும் இடம். நோட்டின் படியை இணைத்து செயற்பொறியாளருக்கு மனு கொடுங்கள்.