மழை விட்டதும் கிளம்பு

மயிலாப்பூர்,
புரட்டாசி 18

அன்புள்ள வித்யாவுக்கு,

நேற்று ராத்திரி உன் அம்மா போனில் ஒரு பாட்டம் புலம்பித் தீர்த்தாள். யாழ்ப்பாணம் போவது என்று முடிவாகிவிட்டதாம். எப்போது போவது என்பதில்தான் வீட்டில் மூன்று கட்சியாம். குழந்தைக்கு மே மாதம்தான் லீவு என்கிறாய் நீ. போனால் நல்லூர்த் திருவிழாவுக்குத்தான் போவேன் என்கிறாள் அவள். மாப்பிள்ளையோ சுற்றுலாப் புத்தகத்தைக் காட்டி, இலங்கையின் வடக்குக்கு ஏப்ரலிலிருந்து செப்டம்பர் வரைதான் உகந்த காலம் என்கிறாராம். "நீ சொன்னா கேப்பா, நீயே சொல்லிடுக்கா" என்றாள். போனில் சொன்னால் நீ சமையலைப் பார்த்துக்கொண்டே "ம், ம்" என்பாய். அதனால் எழுதுகிறேன்.

தை பிறக்கிறபோது போ. முடியாவிட்டால் மாசியில் போ. மற்ற மாதங்களுக்கு நான் ஓட்டுப் போடமாட்டேன்.

மாப்பிள்ளை படித்தது பொய்யில்லை. அந்தத் தீவுக்கு இரண்டு பருவமழை. கொழும்பு, காலிப் பக்கம் தென்மேற்குப் பருவமழையில் நனைகிற மாதங்களில் வடக்கே சொட்டுத் தண்ணீர் விழாது. அடையாறில் நமக்கு எப்போது மழையோ, யாழ்ப்பாணத்துக்கும் அப்போதுதான்: ஐப்பசி, கார்த்திகை, மார்கழி. ஆகவே மழையில்லாத மாதத்தை நல்ல மாதம் என்று புத்தகத்தில் போட்டுவிடுகிறார்கள். கடற்கரையில் மல்லாந்து கிடக்க வருகிற வெள்ளைக்காரருக்கு அந்தக் கணக்கு சரி. கிராமம் பார்க்கப் போகிற உனக்கு எதற்கு அது?

ஒன்றை யோசி. யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றுகூடக் கிடையாது. வழுக்கையாறு என்று ஒன்று உண்டு, அதுவும் மழை பெய்தால்தான் ஓடும். அடியில் முழுக்கச் சுண்ணாம்புக்கல். மழைத் தண்ணீர் அதன் இடுக்குகளில் இறங்கித் தங்கும். அதைக் கிணற்றில் இறைத்துத்தான் வெங்காயம், மிளகாய், புகையிலை எல்லாம். அந்த மூன்று மாத மழையை வைத்துக்கொண்டு ஆண்டு முழுவதும் ஓட்டுகிற ஊர். ஆடி, ஆவணியில் போனால் நெல்வயல் வெடித்துக் கிடக்கும். சோளகம் என்கிற தென்மேற்குக் காற்று புழுதியை வாரி முகத்தில் அடிக்கும். இங்கே கத்திரியில் வெந்துவிட்டு அங்கேயும் போய் அதே வெயிலில் நிற்பதற்கு டிக்கெட் எதற்கு? நம் வீட்டு மொட்டைமாடியே போதும்.

நியாயமாகச் சொல்ல வேண்டுமானால் வெயில் காலத்துக்கென்று இரண்டு விஷயம் அங்கே உண்டு. ஒன்று, கறுத்தக்கொழும்பான் மாம்பழம். நம்மூர் பங்கனபள்ளியை ஒரு பேச்சுக்கும் அதன் பக்கத்தில் வைக்க முடியாது. இன்னொன்று, ஆனையிறவு உப்பளம். வெயில் இருந்தால்தானே உப்பு விளையும். இவை இரண்டுக்காகத்தான் போகிறேன் என்றால் மே மாதமே போ, நான் குறுக்கே நிற்கவில்லை.

எண்பதுகளில் எங்கள் மாடிப் போர்ஷனில் குடியிருந்த கரவெட்டி டீச்சரை உனக்குத் தெரியாது, நீ பிறக்கவில்லை. சண்டை ஓய்ந்தபின் ஊரோடு போய், கூரை போன வீட்டைத் திரும்பக் கட்டிக்கொண்டு இருக்கிறார். முதல் தடவை வரட்டுமா என்று கேட்டபோது அது கார்த்திகை மாதம். "இப்ப வந்து என்ன பாக்கப் போறியள்? மழை விட்டாப் பிறகு வாங்கோ, நெல்லு வெட்டுற நேரம். எங்களுக்கும் கையில நாலு காசு இருக்கும், கதைக்க நேரமும் இருக்கும்" என்றார். அவர் சொன்னதுதான் எனக்குக் கணக்கு. ஓர் ஊருக்கு எப்போது போகலாம் என்று வானிலையைக் கேட்பதைவிட, அந்த ஊர்க்காரர் எப்போது மனம் குளிர்ந்து இருக்கிறார் என்று கேட்பது நல்லது.

அங்கே மழையை நம்பிப் பயிரிடுகிற பெரும்போகம் ஒன்றுதான் பெரும்பாலான வயல்களுக்கு. தையில் சில வயல் பழுத்திருக்கும், சில பச்சையாக நிற்கும். மாசிக்குள் அறுவடை முடியும். யாழ்ப்பாணத்திலிருந்து சங்குப்பிட்டிப் பாலம் தாண்டி பூநகரி வழியாக மன்னார் போகிற சாலையில் ஒரு நாள் போய் வாருங்கள். வேன் பேசிக்கொண்டு விடிகாலையில் கிளம்பினால் போதும். பூநகரியில் மொட்டைக்கறுப்பன் என்கிற சிவப்பரிசி கிடைத்தால் சமைத்துச் சாப்பிட்டுப் பார். எடுத்து வர நினைக்காதே, ஏர்போர்ட்டில் தானியத்துக்கெல்லாம் கேள்வி கேட்பார்கள். மன்னாரை நெருங்கும்போது, வங்காலைப் பக்கத்துச் சதுப்பில் பூநாரைகள் நிற்கும். மாப்பிள்ளையின் பெரிய லென்ஸுக்கு அங்கே வேலை உண்டு. ஐப்பசி வாக்கில் வருகிற பறவைகள் பங்குனியில் திரும்பிவிடும். அவருடைய புத்தகம் சொல்கிற ஜூலையில் போனால் காலிச் சேற்றைத்தான் படம் பிடிக்கலாம் என்று சொல், உடனே என் கட்சிக்கு வந்துவிடுவார்.

குழந்தைக்கு வருகிறேன். தைப்பொங்கலன்று சாயங்காலம் வல்வெட்டித்துறைக் கடற்கரையில் போட்டி போட்டுப் பட்டம் விடுவார்கள். நம் மெரினாவில் விற்கிற பிளாஸ்டிக் சங்கதி இல்லை. ஆள் உயரத்துக்கும் மேலே, நாலு பேர் தூக்கிக்கொண்டு ஓடினால்தான் எழும்பும். கப்பல், விமானம், பாம்பு என்று என்னென்னவோ உருவம். அந்தப் போட்டி ஒரு பக்கம் இருக்கட்டும். கரவெட்டியில் எனக்குப் பிடித்தது ராத்திரிப் பட்டம். பட்டத்தின் தலைமாட்டில் வில் மாதிரி ஒன்றை வளைத்து, நாணுக்குப் பதில் மெல்லிய நார் ஒன்றை இழுத்துக் கட்டுவார்கள். விண் என்று பெயர். வாடைக்காற்று பட்டதும் அது உறுமத் தொடங்கும். பையன்கள் நூலைப் பனைமரத்தில் கட்டிவிட்டுத் தூங்கப் போய்விடுவார்கள். பட்டம் கண்ணுக்குத் தெரியாது; இருட்டில் மேலேயிருந்து ஒரே சுருதியில் அது பாட்டுக்கு ரீங்காரம். காற்று கூடினால் சுருதி ஏறும், தணிந்தால் இறங்கும். பக்கத்து வீட்டு விண் சேர்ந்துகொண்டால் இரண்டுக்கும் ஒத்துப்போகாது. டீச்சருக்கு அது காதிலேயே விழுவதில்லை. நான்தான் திண்ணையில் உட்கார்ந்து, மார்கழி சீசன் இன்னும் முடியவில்லை போலிருக்கிறது என்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

வாடை வீசுகிற மாதங்களில்தான் இதெல்லாம். சோளகம் அடிக்கும்போது அதே பையன்கள் வேறு விளையாட்டுக்குப் போய்விடுவார்கள்.

பொங்கலுக்கு மாடவீதியில் கட்டுக் கட்டாகப் பனங்கிழங்கு வருமே, அங்கே அதற்கு இன்னும் நீண்ட வாழ்க்கை. அவித்துக் காயவைத்தால் புழுக்கொடியல். வாயில் போட்டு ஊறவைத்து மெல்ல வேண்டும், உன் அம்மாவின் பல்லுக்கு ஆகாது. அவிக்காமல் காயவைத்தால் ஒடியல். அதை மாவாக்கி, மீன், நண்டு, இறால், பயற்றங்காய், பலாக்கொட்டை எல்லாம் போட்டுக் காய்ச்சுகிற கூழைப் பனையோலையில் பிளா கோலி ஊற்றித் தருவார்கள். நம் வீட்டுச் சைவக் கட்சிக்கு அதில் இடமில்லை. மாப்பிள்ளை இரண்டு பிளா குடிக்கட்டும், நான் யாரிடமும் சொல்லமாட்டேன்.

இனி உன் அம்மாவின் நல்லூர். அவள் ஆசையை நான் தள்ளவில்லை. ஆடி அமாவாசை கழிந்த ஆறாம் நாள் கொடியேறி 25 நாள் நடக்கிற உற்சவம். 24ஆம் நாள் தேர், மறுநாள் ஆவணி அமாவாசையில் தீர்த்தம். நேரம் என்றால் நேரம். நம் கபாலி கோயில் தேர் மாதிரி "இதோ புறப்பட்டாச்சு" என்று வாசலில் இரண்டு மணி நேரம் நிற்கவைக்க மாட்டார்கள். பார்க்க வேண்டியதுதான். ஆனால் அது நகரத்துத் திருவிழா. லண்டன், டொரண்டோ, பாரிஸிலிருந்து சனம் வந்து இறங்கும். தங்க இடம் கிடைக்காது, கிடைத்தால் யானை விலை. கிராமத்து வீடுகளில் எல்லாரும் வெளிநாட்டு உறவுக்குச் சமைத்துக்கொண்டிருப்பார்கள். அதன் நடுவே நீ போய் நின்றால் யாருக்கும் உன்னோடு உட்கார்ந்து பேச முடியாது. அவளுக்குத் தேர்தான் வேண்டுமென்றால் வேறொரு வருஷம் அவளை மட்டும் அழைத்துக்கொண்டு நான்கு நாள் போய் வா. கந்தனை மற்ற நாள்களிலும் போய்ப் பார்க்கலாம், கோயில் சாத்தியா கிடக்கிறது? மாப்பிள்ளையிடம் மட்டும் சொல்லிவை, ஆண்கள் சட்டையைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும்.

அவளைச் சமாதானப்படுத்த இன்னொரு வழியும் இருக்கிறது. மாசியில் சிவராத்திரி வருகிறது. மன்னாரில் திருக்கேதீச்சரம், சம்பந்தரும் சுந்தரரும் பாடிய தலம். இங்கே பூம்பாவைக்காகப் பதிகம் பாடிய அதே சம்பந்தர். பாலாவித் தீர்த்தத்திலிருந்து நீர் மொண்டு வந்து, சிவராத்திரியன்று அடியார்கள் தங்கள் கையாலேயே லிங்கத்துக்கு அபிஷேகம் செய்வார்கள். நம் கோயில்களில் சந்நிதிக் கம்பியைத் தொடுவதற்கே அதட்டல் வாங்குகிறவளுக்கு இது கேட்டாலே கண்ணில் நீர் வந்துவிடும். சொல்லிப் பார்.

டிசம்பர் அரையாண்டு லீவை நீ யோசித்திருப்பாய். வேண்டாம். எனக்குச் சபாக் கச்சேரி என்பதால் சொல்லவில்லை. அந்த மாதத்துக் கடல் நல்லதில்லை. தனுஷ்கோடியை அழித்த புயல் 1964 டிசம்பர். அதே கடல்தான் இடையில் கிடக்கிறது. 2020இல் புரெவிப் புயல் திருகோணமலைக்கு வடக்கே கரையேறியதும் டிசம்பர் தொடக்கத்தில்தான்.

இதைவிட முக்கியமான ஒன்று, எந்தச் சுற்றுலாப் புத்தகத்திலும் இருக்காது. மே 18, முள்ளிவாய்க்காலில் செத்த சனத்தை நினைக்கிற நாள். நவம்பர் 27, சண்டையில் பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள் விளக்கேற்றுகிற நாள். டிசம்பர் 26, சுனாமி. அந்த நாள்களை ஒட்டி வன்னிப் பக்கம் வேடிக்கை பார்க்கப் போகக் கூடாது. தெரிந்தவர் கூப்பிட்டால் போய், ஓரமாக நின்று, கும்பிட்டுவிட்டு வரலாம். கேமரா வேண்டாம். மற்ற நாள்களிலும் "உங்க வீட்டுல யாராவது..." என்று நீயாக ஆரம்பிக்காதே. அவர்களாகச் சொன்னால் கேட்டுக்கொள். டீச்சர் என்னிடம் சொல்வதற்கே வருஷங்கள் ஆயின. அதுவும் வெங்காயம் உரித்துக்கொண்டே, பாதியில் நிறுத்தி, பிறகு ஒருநாள் தொடர்ந்து.

குழந்தையின் கையை விடாதே என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். முகமாலை, கிளிநொச்சிப் பக்கம் மண்டையோட்டுப் படம் போட்ட சிவப்புப் பலகை கண்டால் அதற்கு அப்பால் ஒரு அடி எடுத்துவைக்கக் கூடாது. கண்ணிவெடி எடுக்கிற வேலை பல வருஷமாக நடக்கிறது. ஆள் நடந்து தேய்ந்த பாதையிலேயே நட.

நாகப்பட்டினம் கப்பலில் போகலாமா என்று மாப்பிள்ளை கேட்டாராம். 2023 அக்டோபர் 14ஆம் தேதி கொடியசைத்து விட்ட கப்பல், ஒரு வாரத்துக்குள் வடகிழக்குப் பருவமழை என்று நின்றது. அடுத்த ஆகஸ்டில்தான் மறுபடி ஓடியது. பொங்கலுக்கு அதை நம்பி லீவு போட முடியாது. மீனம்பாக்கத்திலிருந்து பலாலிக்குச் சின்ன விமானம், ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே. உன் வீட்டிலிருந்து தி.நகருக்குப் பண்டிகைக் கூட்டத்தில் போய் வருவதற்குள் அங்கே இறங்கிவிடலாம். ஆனால் லக்கேஜை அதிகம் அனுமதிக்கமாட்டார்கள், நாலு பேருக்கு நாற்பது புடவை எடுக்காதே.

நெடுந்தீவுக்குப் படகில் போய்க் குதிரைகளைப் பார்க்க வேண்டும் என்று குழந்தை அடம்பிடிப்பாள். மழை முடிந்த கையோடு போனால் அவை மேய்வதற்குப் புல் இருக்கும். வறட்சியில் எலும்பு தெரிய நிற்பதைப் பார்த்தால் அழுதுவிடுவாள். ஆனால் குறிகாட்டுவானில் படகுக்காரர் கடல் சரியில்லை என்றால் வாதாடாமல் திரும்பிவிடு. தையில் அது நடக்கும், மாசியில் குறைவு.

லீவு விஷயம். போகிக்கு முந்தின நாள் கிளம்பினால் பொங்கல் விடுமுறை அப்படியே கிடைக்கும். அதோடு பள்ளிக்கு நாலு நாள் லீவு எழுதிக் கொடு. மூணாங்கிளாஸ் பிள்ளைக்கு என்ன போர்டு எக்ஸாமா? மாசிதான் என்று முடிவு செய்தால் என்னையும் சேர்த்துக்கொள், பங்குனி அறுபத்துமூவருக்குள் திரும்பிவிட்டால் போதும்.

டிக்கெட் போடும் முன் குழந்தையின் பாஸ்போர்ட்டை எடுத்துப் பார். சின்னப் பிள்ளைகளுக்கு ஐந்து வருஷம்தான் தருவார்கள். நீ சிங்கப்பூர் போனபோது எடுத்தது அது.

அன்புடன்,
பெரியம்மா