இறக்கமும் தடுப்பானும்

நுழையும்முன்

மேட்டில் ஏறும்போது மிதிவண்டி ஓட்டுபவரின் உடல் வலிமை வெளிப்படும்; இறக்கத்தில் இறங்கும்போது அவருடைய அறிவு வெளிப்படும். ஏற்றத்தில் களைத்தவர் நின்று இளைப்பாறலாம். இறக்கத்தில் நிற்க விரும்பினால் தடுப்பான் துணைசெய்தாக வேண்டும். ‘பிரேக்’ என்று அன்றாடம் நாம் வழங்கும் அச்சிறு கருவியில் விளிம்புத் தடுப்பான், வட்டுத் தடுப்பான் என இருவகை உண்டு. மலைப்பாதையில் நெடும்பயணம் செய்வோர்க்கு எது ஏற்றது? நீலகிரியின் சாலை ஒன்றை முன்வைத்து இவ்வினாவை ஆராய்கிறது இப்பாடம்.

மலையும் சாலையும்

நீலகிரி மாவட்டத்தின் கிழக்குப் பகுதியில், தேயிலைத் தோட்டங்களுக்கும் படுகர்களின் ஹட்டிகளுக்கும் இடையே அமைந்த ஊர் கீழ் கோத்தகிரி. அங்கிருந்து சமவெளிக்கு வருவோர் கோத்தகிரியை அடைந்து, குஞ்சப்பனை வழியாக மேட்டுப்பாளையத்துக்கு இறங்குவர். கோத்தகிரி என்னும் பெயருக்குக் கோத்தர்களின் மலை என்று பொருள் கூறுவர். இரும்புத் தொழிலிலும் மட்பாண்டத் தொழிலிலும் இசையிலும் தேர்ந்த தொல்குடியினர் கோத்தர்.

கோத்தகிரி கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1790 மீட்டர் உயரத்தில் உள்ளது. மேட்டுப்பாளையம் ஏறத்தாழ 330 மீட்டர் உயரத்தில் உள்ளது. இடைப்பட்ட சாலையின் நீளம் ஏறத்தாழ 33 கிலோமீட்டர். அஃதாவது, 33 கிலோமீட்டர் தொலைவுக்குள் 1450 மீட்டருக்கும் மேலான உயரத்தை இழந்து ஒரு வண்டி கீழே வருகிறது. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் இச்சாலையில் நீர் வழிந்தோடும். மண்ணும் சிறுகற்களும் பரவும். மூடுபனி எதிரே வரும் வண்டியை மறைக்கும். 2008இல் தொடங்கிய ‘டூர் ஆஃப் நீலகிரிஸ்’ போன்ற நெடும்பயணங்களால் இம்மலைகள் மிதிவண்டிப் பயணிகள் நாடிவரும் இடமாகவும் விளங்குகின்றன.

உயரம் வெப்பமாகும் கதை

ஓட்டுபவர், வண்டி, பயணப்பொதி ஆகிய மூன்றின் மொத்த நிறை 100 கிலோகிராம் எனக் கொள்வோம். மலைமேல் நிற்கும் அந்நிறையிடம் நிலையாற்றல் உள்ளது. நிறை, புவியீர்ப்பு முடுக்கம், உயரம் ஆகிய மூன்றையும் பெருக்கினால் அதன் அளவு கிடைக்கும். 100 கிலோகிராம், 9.8, 1450 மீட்டர் ஆகியவற்றின் பெருக்கற்பலன் ஏறத்தாழ 14 இலட்சம் ஜூல். அறைவெப்பநிலையில் உள்ள நான்கரை லிட்டர் நீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமான ஆற்றல் இது.

ஆற்றல் அழிவதில்லை, வடிவம் மாறுகிறது. மலையடிவாரத்தில் வண்டி நிற்கும்போது அந்த 14 இலட்சம் ஜூலும் வெப்பமாக மாறியிருக்கும். அதில் ஒரு பகுதியைக் காற்றின் தடை ஏற்கிறது. சிறு பகுதியை டயரின் உருள்தடை ஏற்கிறது. எஞ்சியதைத் தடுப்பான்களே தாங்க வேண்டும்.

பேருந்தும் மகிழுந்தும் மலையிறங்கும்போது தாழ்ந்த கியரில் செல்லுமாறு சாலையோரப் பலகைகள் அறிவுறுத்துகின்றன. அவ்வாறு செல்லும்போது எந்திரமே சக்கரத்தை இழுத்துப் பிடித்து வேகத்தைக் குறைக்கும். மிதிவண்டிக்கு இத்துணை இல்லை. மிதிப்பதை நிறுத்தினாலும் பின்சக்கரம் தன்போக்கில் சுழலும்படி ‘ஃப்ரீவீல்’ அமைந்துள்ளது. எந்தக் கியரில் இருந்தாலும் இறக்கத்தில் வேகம் கூடவே செய்யும். எனவே, எடையில் மிகச் சிறிய வண்டியாயினும் மலையிறக்கத்தில் தடுப்பானை முழுமையாக நம்பியிருப்பது மிதிவண்டியே ஆகும்.

விளிம்புத் தடுப்பான்

சக்கரத்தின் வெளிவளையமாகிய ரிம்மை இருபுறமும் இரப்பர்க் கட்டைகள் அழுத்திப் பிடிப்பது விளிம்புத் தடுப்பான். பழைய மிதிவண்டிகளில் கம்பிகளின் இணைப்பால் கட்டைகள் மேலெழுந்து ரிம்மின் உட்புறத்தை அழுத்தும். பின்வந்தவற்றில் பிரேக் ஒயர் அவ்வேலையைச் செய்கிறது.

இவ்வமைப்பின் முதற்சிறப்பு எளிமை. கட்டையும் ஒயரும் சிற்றூரின் மிதிவண்டிக் கடையிலும் கிடைக்கும். சிறு கருவிகளைக் கொண்டு சாலையோரத்திலேயே மாற்றிவிடலாம். இரண்டாவது சிறப்பு நெம்புகோல் தத்துவத்தைச் சார்ந்தது. ரிம் அச்சிலிருந்து ஏறத்தாழ 31 சென்டிமீட்டர் தொலைவில் உள்ளதால், குறைந்த அழுத்தமே சக்கரத்தை நிறுத்தப் போதுமானது. மூன்றாவதாக, அலுமினிய ரிம் பரப்பில் பெரியது. வெப்பத்தை விரைந்து கடத்துவது. சுழலும்போது காற்றில் விரைந்து ஆறுவது.

அதன் குறைகளும் ரிம்மிலிருந்தே பிறக்கின்றன. ரிம் சாலைக்கு மிக அருகில் இருப்பதால் நீரும் சேறும் அதன்மேல் படிகின்றன. மழையில் தடுப்பானை அழுத்தியதும் கட்டை முதலில் நீரைத் துடைக்கிறது. அதன் பின்னரே பிடிக்கிறது. மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு நொடியில் 10 மீட்டர் கடந்துவிடும். கொண்டை ஊசி வளைவுக்கு முன்னால் அந்த ஒரு நொடி உயிரின் விலை பெறும். எஃகு ரிம்மில் இக்குறை இன்னும் மிகுதி.

கட்டையில் ஒட்டும் மணல்துகள்கள் ரிம்மை அரம்போல் தேய்க்கும். பல்லாயிரம் கிலோமீட்டர் ஓடிய ரிம்மின் பக்கச்சுவர் மெலிந்து, டயரின் காற்றழுத்தம் தாங்காமல் வெடிப்பதும் உண்டு. மேலும், ஓயாமல் அழுத்திக்கொண்டே இறங்கினால் ரிம்மின் வெப்பம் டியூபுக்குப் பரவி உள்ளே காற்றழுத்தம் உயரும். ஆரக்கம்பி ஒன்று அறுந்து சக்கரம் கோணினால், ரிம் கட்டையில் உரசிப் பயணமும் தடைப்படும்.

வட்டுத் தடுப்பான்

சக்கரத்தின் குடத்தில் பொருத்திய எஃகு வட்டைக் கவ்வி நிறுத்துவது வட்டுத் தடுப்பான். ஆங்கிலேயப் பொறியாளர் ஃபிரெடரிக் லான்செஸ்டர் 1902இல் தானுந்துக்கான வட்டுத் தடுப்பானுக்குக் காப்புரிமை பெற்றார். 1953இல் பிரான்சின் லெ மான் பந்தயத்தில் வட்டுத் தடுப்பான் பொருத்திய ஜாகுவார் மகிழுந்து வெற்றிபெற்றபின் அதன் புகழ் பரவியது. மிதிவண்டிகளில் அது முதலில் மலைத்தட வண்டிகளில் வேரூன்றியது. சாலைப் பந்தயங்களில் பன்னாட்டு மிதிவண்டி ஒன்றியம் அதற்கு முழு இசைவளித்தது 2018இல்தான்.

வட்டு சாலையிலிருந்து உயர்ந்து நிற்பதால் சேறும் நீரும் குறைவாகவே படிகின்றன. அதிலுள்ள துளைகளும் கட்டையின் உறுதியான அழுத்தமும் நீரை உடனே விலக்குகின்றன. ஆகவே, மழையிலும் பிடிப்பு பெரிதும் குறைவதில்லை. தேய்வது வட்டும் கட்டையுமே; சக்கரத்தின் ரிம் தேய்வதில்லை. ரிம் சற்றே கோணினாலும் தடுப்பான் பணிசெய்யும். வெப்பம் டியூபை எட்டுவதும் இல்லை.

ஆயினும், ஒவ்வொரு நன்மைக்கும் ஒரு விலை உண்டு. 16 சென்டிமீட்டர் விட்டமுள்ள வட்டின் ஆரம் 8 சென்டிமீட்டர் மட்டுமே. ரிம்மில் கிடைக்கும் அதே திருப்புவிசையைப் பெற ஏறத்தாழ நான்கு மடங்கு உராய்வுவிசை தேவை. அவ்விசையை முன்கவையின் ஒரு காலும் சக்கரத்தின் ஆரக்கம்பிகளும் தாங்குவதால் அவை வலுவாக அமைய வேண்டும். வண்டியின் எடையும் விலையும் கூடும்.

வட்டு சிறியது, ஆகவே அதன் வெப்பநிலை விரைந்து ஏறும். நீண்ட இறக்கத்தில் எஃகின் நிறம் மாறும் அளவுக்கு அது சூடேறலாம். கட்டையின் மேற்பரப்பு கண்ணாடிபோல் வழவழப்பாகிப் பிடிப்பை இழக்கலாம். நீர்ம அழுத்தத்தால் இயங்கும் வகையில் வேறோர் இடரும் உண்டு. சிலவகைத் தடுப்பான் நீர்மங்கள் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். புதிய ‘டாட் 4’ நீர்மத்தின் கொதிநிலை 230 பாகை செல்சியசுக்குக் குறையாதது. ஈரம் ஏறியபின் அது 155 பாகை அளவுக்குத் தாழக்கூடும். நீர்மம் கொதித்து ஆவிக்குமிழ் தோன்றினால், கைப்பிடியை அழுத்தினாலும் விசை கட்டையை அடையாது. இதைச் சீர்செய்யத் தனிக்கருவியும் பயிற்சியும் வேண்டும். ஒயரால் இயங்கும் வட்டுத் தடுப்பானில் இவ்விடர் இல்லை, பழுதுநீக்கமும் எளிது.

> தெரியுமா?
> மேட்டுப்பாளையம் – உதகை மலை இரயில்பாதையின் மிகச் செங்குத்தான பகுதியில் 12.28 மீட்டர் தொலைவுக்கு 1 மீட்டர் உயரம் ஏறுகிறது. இத்தகைய சரிவில் வழுவழுப்பான சக்கரத்தின் உராய்வை மட்டும் நம்ப இயலாது என்பதால், கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையே பற்சட்டமும் பற்சக்கரமும் பொருந்தும் அமைப்பு பயன்படுகிறது. 2005இல் இப்பாதை யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னமானது.

எது ஏற்றது?

வறண்ட சமவெளியில், எடை குறைந்த வண்டியில் செல்வோர்க்கு விளிம்புத் தடுப்பானே போதும். பழுதுநீக்கும் கடைகள் அரிதான நாடுகளில் பயணம் செய்வோர் இன்றும் அதை விரும்புவதற்கு எளிமையே காரணம். ஆனால், கீழ் கோத்தகிரியின் சூழல் வேறு. மழை, மூடுபனி, மண் படிந்த சாலை, அடுத்தடுத்த வளைவுகள், பொதியின் எடை ஆகியவை ஒன்றுசேரும் இடத்தில் ஈரத்திலும் உடனே பிடிக்கும் வட்டுத் தடுப்பானே பொருத்தமானது. அதிலும் ஒயரால் இயங்கும் வகை, பிடிப்பையும் பழுதுநீக்கத்தின் எளிமையையும் ஒருசேரத் தருகிறது.

கருவியினும் சிறந்த அறிவு

எவ்வகைத் தடுப்பானாயினும் அதைக் கையாளும் முறை ஒன்றே. இறக்கம் முழுவதும் மெல்ல அழுத்திக்கொண்டே வருவது பாதுகாப்பானது எனப் பலரும் எண்ணுகின்றனர். அவ்வாறு செய்தால் தடுப்பானுக்கு ஆற நேரம் கிடைப்பதில்லை. பார்வைக்குத் தடையற்ற நேர்சாலையில் அளவான வேகத்தில் செல்லும்போது காற்றே ஆற்றலின் ஒரு பகுதியை ஏற்றுக்கொள்ளும். வளைவுக்கு முன்பே இரு தடுப்பான்களையும் உறுதியாக அழுத்தி வேகத்தைக் குறைத்து, வளைவுக்குள் விட்டுச்செல்வதே முறை. வளைவுக்குள் கடுமையாக அழுத்தினால் டயரின் பிடிமானம் தவறும்.

வேகம் இருமடங்கானால், நிற்பதற்குத் தேவையான தொலைவு நான்கு மடங்காகும். மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் 5 மீட்டருக்குள் நிற்கும் வண்டி, 40 கிலோமீட்டர் வேகத்தில் நிற்க 20 மீட்டர் வேண்டும். எந்தத் தடுப்பானும் இவ்விதியை மாற்றாது. நீண்ட இறக்கத்தில் இடையிடையே நின்று தடுப்பானை ஆறவிடுவதும், சூடான வட்டையோ ரிம்மையோ கையால் தொடாமல் இருப்பதும் நன்று.

தமிழக அரசுப் பள்ளிகளில் பதினொன்றாம் வகுப்பு மாணவர் விலையில்லா மிதிவண்டி பெறுகின்றனர். அதில் முதலில் பார்க்க வேண்டியது கட்டை தேய்ந்துள்ளதா, ஒயர் நைந்துள்ளதா, ரிம்மில் எண்ணெய் படிந்துள்ளதா என்பதையே. ஒரு நிமிடத்தில் முடியும் இச்சோதனை, ஊர்திரும்பும் ஒவ்வொரு பயணத்துக்கும் காவலாகும். விரைந்து செல்லும் திறனினும், வேண்டிய இடத்தில் நிற்கும் திறனே ஒரு வண்டியை நம்பத் தகுந்ததாக்குகிறது.

கற்பவை கற்றபின்…

1. உங்கள் பகுதியிலுள்ள மிதிவண்டிகளின் தடுப்பான்களை ஆராய்ந்து, வகை, நிலை, பழுது ஆகியவற்றை அட்டவணைப்படுத்துக.
2. உங்கள் ஊர் மேட்டிலிருந்து 60 கிலோகிராம் நிறை 20 மீட்டர் உயரம் இறங்கும்போது வெளிப்படும் ஆற்றலைக் கணக்கிடுக.
3. மலைச்சாலையில் மிதிவண்டி ஓட்டுவோர் பின்பற்ற வேண்டிய நெறிமுறைகள் குறித்து வகுப்பறையில் கலந்துரையாடுக.