எண்ணெய் போன பிறகு எத்தனை நிமிடம்?

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

போன ஞாயிற்றுக்கிழமை தேக்கா சந்தையில், ஒரு கையில் ஆட்டுக்கறிப் பை, மறு கையில் முருங்கைக்கீரைக் கட்டு என்று நான் நின்றபோது, "மாமா, ஹெலிகாப்டர் கியர்பாக்ஸில் எண்ணெய் மொத்தமும் போய்விட்டாலும் 30 நிமிடம் ஓடுமாமே?" என்று கேட்டாய். ஈரத்தரையில் வழுக்காமல் நிற்பதே பெரும்பாடு. அங்கே வைத்துக் கேட்கிற கேள்வியா அது? "ஓடலாம், ஓடாமலும் போகலாம்" என்று சொல்லிவிட்டு நழுவினேன். உன் முகம் சுண்டிப்போனதைப் பார்த்தேன். இத்தனை வருஷம் விமானப் பராமரிப்பில் கையை அழுக்காக்கியவன் மருமகனுக்கு இப்படியா பதில் சொல்வது என்று இரவெல்லாம் உறுத்தியது. அதனால்தான் இந்தக் கடிதம். பலதுறைத் தொழிற்கல்லூரியில் உன் நண்பர்களுக்கும் இதே சந்தேகம் என்றாயே, அவர்களுக்கும் காட்டு. எழுத்துப்பிழை கண்டுபிடித்தால் மட்டும் என்னிடம் வந்து சொல்லாதே.

கியர்பாக்ஸில் எண்ணெய் எதற்கு என்று கேட்டால் உடனே என்ன சொல்வாய்? "உராய்வைக் குறைக்க." பரீட்சையில் பாதி மார்க் கிடைக்கும். மீதிப் பாதியை எடுத்துக்கொள். சூப்பர் பூமா ஹெலிகாப்டரில் எஞ்சினிலிருந்து வரும் தண்டு நிமிடத்துக்குச் சுமார் 23,000 முறை சுற்றுகிறது. தலைக்கு மேலே பெரிய விசிறி சுற்றுவதோ 265 முறைதான். அந்த வேகத்தை இந்த வேகமாக இறக்கி, முழு பலத்தையும் மேலே அனுப்புவதுதான் கியர்பாக்ஸின் வேலை. அது 2,000 கிலோவாட் கடத்துகிறது என்று வைத்துக்கொள். நூற்றில் 2 பங்கு பல்லுக்குப் பல் உரசி வெப்பமாகிப் போனாலும் 40 கிலோவாட். உங்கள் வீட்டுக் கெட்டிலைப் போல 20 கெட்டிலை ஒரு இரும்புப் பெட்டிக்குள் வைத்து, நிறுத்தாமல் கொதிக்கவிட்டதற்குச் சமம்.

அந்தச் சூட்டை வெளியே தூக்கிக்கொண்டு போவது யார்? எண்ணெய்தான். பம்ப் அதை நுண்துளைகள் வழியாகப் பல்லிலும் பேரிங்கிலும் பீய்ச்சுகிறது. அது சூட்டை வாங்கிக்கொண்டு கீழே வடிந்து, குளிர்விப்பானுக்குப் போய் ஆறி, மறுபடி மேலே ஏறுகிறது. தேக்கா நிலையத்தில் தே தாரிக் அண்ணன் குவளைக்குக் குவளை இழுத்து ஆற்றுவதைப் பார்த்திருக்கிறாயே, அதே வேலைதான். அவர் கையை நிறுத்திவிட்டால் தேநீர் ஆறுமா?

ஆக, எண்ணெய் அழுத்தம் விழுந்ததும் முதலில் போவது வழுவழுப்பு இல்லை. பல்லில் ஒட்டிய படலம் கொஞ்ச நேரம் தாங்கும். சூடு வெளியேறும் வழிதான் முதலில் அடைபடுகிறது. உலோகம் விரிகிறது, பல்லுக்கும் பல்லுக்கும் நடுவே விட்டிருந்த மயிரிழை இடைவெளி மறைகிறது, பேரிங் இறுகுகிறது, சூட்டில் எஃகின் கடினத்தன்மை தளர்ந்து பல் மழுங்குகிறது. கடைசியில் தண்டு சுற்றும், கியர் சுற்றாது.

"அப்படியானால் 30 நிமிடம் என்று புத்தகத்தில் போட்டிருக்கிறதே, அது பொய்யா?" என்று இப்போதே வாயைத் திறப்பாய், தெரியும். பொய்யில்லை. முழுக்கப் படிக்காமல் விட்டாய், அவ்வளவுதான். அமெரிக்க விமானப் போக்குவரத்து விதியில் 1988-ல் சேர்த்தது அது. பெரிய ரக ஹெலிகாப்டர்களில், மசகு எண்ணெய் போனதை விமானி உணர்ந்த பிறகும் குறைந்தது 30 நிமிடம் பத்திரமாகப் பறக்க முடிய வேண்டும். ஆனால் கூடவே ஒரு வால் உண்டு: அப்படி எண்ணெய் போவது மிக மிக அரிது என்று காட்டிவிட்டால் அந்தச் சோதனையில் தேற வேண்டியதில்லை. நீ தலையைப் படித்தாய், வாலை விட்டுவிட்டாய். நீ மட்டுமில்லை, பெரிய பெரிய ஆட்களும் விட்டார்கள்.

சிகோர்ஸ்கி எஸ்-92 ஹெலிகாப்டரின் கியர்பாக்ஸை 2002-ல் எண்ணெய் இல்லாமல் ஓட்டிப் பார்த்தார்கள். சுமார் 11 நிமிடத்தில் அது போய்விட்டது. அதன்பின் எண்ணெய் கசியக்கூடிய இடம் குளிர்விப்பான்தான் என்று கணக்குப் போட்டு, அதைத் துண்டிக்க ஒரு வால்வை வைத்தார்கள். மற்ற இடங்களில் கசிவது மிக மிக அரிது என்று காட்டி, அதே வருஷம் சான்றிதழ் வாங்கினார்கள். எண்ணெய் ஃபில்டரின் கிண்ணத்தை மூன்று டைட்டானியம் ஸ்டட்கள் பிடித்துக்கொண்டிருந்தன. அவற்றை யாரும் பெரிதாக நினைக்கவில்லை.

2008 ஜூலையில் மேற்கு ஆஸ்திரேலியாவில் ஒரு எஸ்-92-இல் அந்த ஸ்டட்கள் முறிந்தன. அது எப்படியோ பத்திரமாக இறங்கிவிட்டது. 2009 ஜனவரியில், ஸ்டட்களை எஃகாக மாற்றச் சொல்லித் தயாரிப்பாளரிடமிருந்து அறிவிப்பு வந்தது. கெடு, ஒரு வருஷம் அல்லது 1,250 பறப்பு மணி. மார்ச் 12-ஆம் தேதி, கனடாவின் நியூஃபவுண்ட்லாந்திலிருந்து எண்ணெய்க் கிணற்று மேடைக்கு 18 பேருடன் கிளம்பிய கூகர் 91 என்ற எஸ்-92-இல் ஸ்டட்கள் இன்னும் மாற்றப்படவில்லை. 9,000 அடி உயரத்தில் அழுத்தம் விழுந்தது. விமானிகள் கரையை நோக்கித் திரும்பினார்கள். எச்சரிக்கை விளக்கு எரிந்து சுமார் 11 நிமிடத்தில் ஹெலிகாப்டர் கடலில் விழுந்தது. பிழைத்தவர் ஒருவர். சோதனை மேடையில் போன அதே 11 நிமிடம், பார்த்தாயா?

இந்த இடத்தில் நீ நிச்சயம் செய்யப்போகும் தவறைச் சொல்கிறேன், காதைக் கொடு. அழுத்தம் காட்டும் முள் பூஜ்யத்துக்கு விழுந்தால் நீ என்ன செய்வாய்? பக்கத்திலுள்ள வெப்ப முள்ளைப் பார்ப்பாய். "எண்ணெய் போயிருந்தால் சூடு ஏறியிருக்குமே, ஏறவில்லையே, அப்போது சென்சார்தான் கெட்டிருக்கிறது" என்று உன் மூளை சொல்லும். கெட்டிக்கார மூளை சொல்லும் என்பதுதான் ஆபத்து. அந்த விமானிகளும் வெப்ப முள்ளை நம்பினார்கள். ஆனால் அது அளப்பது எண்ணெயின் சூட்டை. எண்ணெயே இல்லாத இடத்தில் அது எதை அளக்கும்? வெறுங்குழாயில் தொங்கிக்கொண்டு "எல்லாம் சுகம்" என்று சொல்லிக்கொண்டிருக்கும். காலிப் பானைக்குள் கையை விட்டுப் பார்த்துவிட்டு, குழம்பு சுடவில்லை என்று சொல்கிற மாதிரி.

விமானிகளைத் திட்டாதே. கரை கண்ணுக்கு எட்டுகிற தூரம் என்று மனம் சொல்லும்போது மார்ச் மாதக் குளிர்கடலில் 18 பேரோடு இறங்குவது சாதாரணக் காரியமா? அந்த ஹெலிகாப்டருக்கும் 30 நிமிடம் உண்டு என்ற நினைப்பு தொழில் வட்டாரத்தில் பலருக்கு இருந்தது. பாதிப் பழியை நான் அந்த எண்ணின் மேல்தான் போடுவேன். உன் நோட்டுப் புத்தகத்தில் சிவப்பு மையால் அடிக்கோடிட்டு வைத்திருப்பாயே, அதே எண்தான்.

"சரி மாமா, அதற்குத்தான் அவசர மசகு அமைப்பு இருக்கிறதே!" இருக்கிறது. ஈசி225 என்ற ஹெலிகாப்டரில் எண்ணெய் அழுத்தம் போய்விட்டால், விமானி ஒரு பொத்தானை அழுத்துவார். கிளைகால் கலந்த நீர்மமும் எஞ்சினிலிருந்து எடுத்த காற்றும் சேர்ந்து பனிபோலக் கியர் மேல் தெளிக்கப்படும். அது 30 நிமிடம் தாங்கும். இதன் ராணுவ வடிவமான எச்225எம்-ஐத்தான் நம் ஆகாயப் படை பழைய சூப்பர் பூமாவுக்குப் பதிலாக வாங்கியது. ஆகவே இது நம் வீட்டுக் கதையும்கூட.

2012-இல் வட கடலில் மே மாதம் ஒன்று, அக்டோபரில் ஒன்று என இரண்டு ஈசி225-கள் கடலில் இறங்கின. இரண்டிலும் கியர்பாக்ஸுக்குள் ஒரு செங்குத்துத் தண்டு உலோகச் சோர்வால் சுற்றிவர விரிசல் விட்டிருந்தது. எண்ணெய் பம்ப் இரண்டு உண்டே, ஒன்று போனால் இன்னொன்று இருக்குமே என்பாய். இரண்டையும் சுற்றியது அந்த ஒரே தண்டின் அடிப்பாகம்! மழைக்கு இருக்கட்டும் என்று இரண்டு குடை வாங்கி, இரண்டையும் ஒரே பையில் போட்டு, பையை எம்ஆர்டியில் விட்டுவிட்டு இறங்கினாற்போல. நீ அதைச் செய்திருக்கிறாய், உன் அம்மா சொன்னாள்.

விமானிகள் பொத்தானை அழுத்தினார்கள். சற்று நேரத்தில் அவசர அமைப்பும் பழுது என்று விளக்கு எரிந்தது. அப்படி எரிந்தால் உடனே இறங்கு என்பது கையேட்டின் கட்டளை. இறங்கினார்கள். முதலாவதில் 14 பேர், இரண்டாவதில் 19 பேர், ஒருவர்கூடச் சாகவில்லை. பிறகு பிரித்துப் பார்த்தால், அவசர அமைப்பு ஒழுங்காகத் தெளித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறது! அழுத்தம் பார்க்கும் சுவிட்ச், தான் இருக்கும் அமைப்புக்குப் பொருந்தாத அளவில் இருந்ததால் பொய் சொல்லிவிட்டது. பின்னால் தண்டையும் மாற்றினார்கள், சுவிட்சையும் சரிசெய்தார்கள்.

"அப்போது வீணாக இறங்கினார்களா?" என்று கேட்டால் காதைத் திருகுவேன். உள்ளே நடப்பது விமானிக்குத் தெரியாது, விளக்குதான் தெரியும். ஒரு விளக்கு உண்மை சொல்லியும் நம்பாமல் 17 பேர் போனார்கள். இன்னொரு விளக்கு பொய் சொல்லியும் நம்பி 33 பேர் வீடு திரும்பினார்கள். நான் எந்தப் பக்கம் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அவசர அமைப்பு என்றால் தெளிப்பான் மட்டும் என்று நினைத்துவிடாதே. சிலர் கியருக்குப் பக்கத்திலேயே சிறு தொட்டி வைத்து, கடைசி எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விடுவார்கள். சிலர் சூட்டைத் தாங்கும் எஃகில் பேரிங் செய்து இடைவெளியைக் கூட்டி வைப்பார்கள். ஸ்கூட்டின் சில ஏர்பஸ் நியோ விமானங்களில் ஏறியிருப்பாய். அவற்றின் பிராட் அண்ட் விட்னி எஞ்சினில், முன்விசிறிக்கும் டர்பைனுக்கும் நடுவே சுமார் மூன்றுக்கு ஒன்று என்ற கியர்பாக்ஸ் உண்டு. நடுவானில் எஞ்சினை அணைத்தாலும் காற்று விசிறியைச் சுற்றிக்கொண்டே இருக்கும், கியரும் சுற்றும், ஆனால் எஞ்சின் ஓட்டும் பெரிய பம்ப் நின்றுபோயிருக்கும். அதனால் விசிறிப் பக்கமிருந்தே சுற்றும் துணைப் பம்ப் ஒன்றை வைத்திருக்கிறார்கள். செத்த எஞ்சினுக்கும் எண்ணெய் ஊட்டும் ஏற்பாடு. எனக்கு மிகவும் பிடித்தது இது.

அடுத்து சிலேத்தாரில் வேலைப் பயிற்சிக்குப் போகிறாய், அதனால் நம் ஊர்க் கதை ஒன்று. 2016 ஜூன் 27, அதிகாலை. சாங்கியிலிருந்து மிலானுக்குக் கிளம்பிய எஸ்கியூ368 விமானம். இரண்டு மணி நேரம் பறந்தபின் வலது எஞ்சினின் எண்ணெய் அளவு 1 என்று காட்டியது. ஆனால் அழுத்தமும் வெப்பமும் அனுமதித்த வரம்புக்குள்தான் இருந்தன. பிறகு அதிர்வு வந்தது. திரும்பி வந்து சாங்கியில் இறங்கியதும் வலது எஞ்சினும் இறக்கையும் தீப்பிடித்தன. 241 பேரும் காயமில்லாமல் இறங்கினார்கள். எரிபொருளும் எண்ணெயும் பக்கம் பக்கமாக ஓடும் வெப்பமாற்றியில் ஒரு சிறு குழாய் விரிசல் விட்டு எரிபொருள் கசிந்ததுதான் காரணம். உனக்கு அதில் பாடம் வேறு: அளவு வேறு, அழுத்தம் வேறு. கேஸ் தோம்பு தீரும்வரை அடுப்புச் சுடர் குறையாமல் எரியுமே, அப்படி. பம்ப் காற்றை உறிஞ்சத் தொடங்கும்வரை அழுத்த முள் அசையாமலே இருக்கலாம்.

ஹாங்கரில் முதல் நாளே காந்தச் செருகியை உன் கையில் கொடுப்பார்கள். கியர்பாக்ஸின் அடியிலிருந்து கழற்றி, அதில் ஒட்டியிருப்பதைப் பார்க்க வேண்டும். கண்மை போலச் சாம்பல் குழம்பு என்றால் வழக்கமான தேய்மானம். மிளகாய் விதை போலத் தட்டையாக, வெளிச்சத்தில் மின்னும் செதில் என்றால் துடைத்துவிட்டுச் சும்மா இருக்காதே, எடுத்துப் பத்திரப்படுத்து, மேலதிகாரியைக் கூப்பிடு. ஆனால் செருகி சுத்தமாக இருக்கிறதே என்று நிம்மதியாகவும் தூங்காதே. 2016 ஏப்ரலில் நார்வேயில் 13 பேரைக் கொன்ற ஈசி225 விபத்தில் ஒரு கியர் உலோகச் சோர்வால் உடைந்தது. அந்தச் செருகி ஒரு எச்சரிக்கையும் தரவில்லை.

ஒரு வீட்டுப்பாடம் தருகிறேன். விமானக் கையேட்டில் "உடனே இறங்கு", "முடிந்த விரைவில் இறங்கு", "வசதிப்படும்போது இறங்கு" என்று மூன்று கட்டளைகள் இருக்கும். மூன்றும் ஒன்றில்லை. உன் கல்லூரி நூலகத்தில் ஏதாவது ஒரு ஹெலிகாப்டரின் கையேட்டை எடுத்து, கியர்பாக்ஸ் எண்ணெய் அழுத்தத்துக்கு எந்தக் கட்டளை, எந்த அளவுக்குக் கீழே, கூட எந்த அறிகுறி என்று எழுதிக்கொண்டு வா. ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு தே தாரிக் கடையில் இருப்பேன். கறி வாங்கி முடித்த பிறகு கேள்.

அன்புடன்,
மாமா