கடுமை காட்டும் ஆசிரியர் எதிர்நாயகரா? – குருபரம்பரை மரபும் சிறார் மிகுபுனைவும்

முன்னுரை

சிறார் மிகுபுனைவுகளில் கடுமை காட்டும் ஆசிரியர் பெரும்பாலும் தீயவராகவே அறிமுகமாகிறார். ஜே.கே. ரௌலிங்கின் ஹாரி பாட்டர் நூல்வரிசையில் (1997–2007) இடம்பெறும் ஸ்னேப் இதற்குத் தக்க சான்று. அவர் எதிர்நாயகர்தாமா என்னும் வினாவைத் திருவரங்கத்தோடு தொடர்புடைய இராமாநுசர் வரலாற்றையும் நன்னூலையும் துணைக்கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது.

இராமாநுசரின் ஆசிரியர் இருவர்

குருபரம்பரை வரலாறுகள் இராமாநுசருக்கு இருவேறு இயல்புடைய ஆசிரியர்களைக் காட்டுகின்றன. காஞ்சியில் வேதாந்தம் கற்பித்த யாதவப்பிரகாசர், மாணவரின் அறிவுநுட்பம் கண்டு அழுக்காறுற்று, காசி யாத்திரை என்று அழைத்துச்சென்று கொல்லக் கருதினார். திருக்கோட்டியூர் நம்பியோ, மந்திரப்பொருள் வேண்டித் திருவரங்கத்திலிருந்து வந்தவரை 18 முறை நடக்கவைத்தார். மறைபொருளை ஊரறிய வெளியிட்டபோது சினந்தார். பிறர் உய்வு பெறத் தாம் நரகம் புகவும் இசைந்த மாணவரின் உள்ளத்தை அறிந்ததும், 'எம்பெருமானார்' என்று தழுவிக்கொண்டார். முன்னவரிடம் தீமை இருந்தது. பின்னவரிடம் கடுமை இருந்தது, தீமை இல்லை.

நன்னூல் தரும் அளவுகோல்

ஆசிரியர் ஆகாதாரை வரையறுக்கும் பவணந்தியார், அழுக்காறு, அவா, வஞ்சம் ஆகியவற்றோடு கேட்போர் அஞ்சப் பேசுதலையும் சேர்க்கிறார். தானாகத் தந்தாலன்றி நாடி வருவோர்க்குக் கொடாத மடற்பனையையும் உவமை கூறுகிறார். மேலோட்டமாக நோக்கின் நம்பி மடற்பனையே ஆவார். ஆயின், கொள்வோன் தன்மையறிந்து கற்பித்தலும் நன்னூல் கூறும் ஆசிரியர் கடனாகும். நம்பியின் மறுப்பு இக்கடனுள் அடங்கும். அது மாணவரின் வேட்கையை அளந்தது, அளந்தபின் நின்றுவிட்டது.

ஸ்னேப்: இருவேறு தீர்ப்புகள்

இறுதி நூலில் ஸ்னேப், ஹாரியை மறைவாகக் காத்துவந்தவராக வெளிப்படுகிறார். ஆதலின் அவரை எதிர்நாயகர் என்றல் பொருந்தாது. எனினும், ஹாரியின் தந்தைமீது கொண்ட பழம்பகையை அவர் மகன்மீது காட்டுகிறார். மூன்றாம் நூலில் (1999) நெவில் என்னும் மாணவனின் பேரச்சம் ஸ்னேப்பின் உருவிலேயே தோன்றுகிறது. இக்கடுமை மாணவரின் தகுதியை அளப்பதன்று. நம்பியின் கடுமைபோல் மாணவரை அறிந்து நெகிழ்வதுமன்று.

முடிவுரை

கடுமை மட்டும் ஒருவரைத் தீயவராக்குவதில்லை. யாதவப்பிரகாசரைப் போல அழுக்காறும் வஞ்சமுமே அவ்வாறு ஆக்குகின்றன. அதேவேளை, கதைப்பின்னலில் ஒருவர் தீயவரல்லர் எனத் தெளிவதால் வகுப்பறையில் அவர் நல்லாசிரியர் ஆகிவிடார். ஸ்னேப் எதிர்நாயகர் அல்லர். நன்னூல் நெறிப்படி ஆசிரியரும் ஆகார். சிறார் புனைவுத் திறனாய்வு இவ்விரு தீர்ப்புகளையும் வேறுபடுத்தி வழங்குதல் வேண்டும்.