மண்ணுளியின் நிறம்

அன்புள்ள தம்பி,

அத்திபெலேயிலிருந்து நீ அனுப்பிய மண்ணுளிப் பாம்பு ஓவியங்கள் வந்து சேர்ந்தன. தலையோ என்று மயங்க வைக்கும் அந்த மழுங்கிய வாலை அருமையாகப் பிடித்திருக்கிறாய். எனக்குக் குறை நிறத்தில்தான்.

ஆறு படங்களிலும் ஒரே செம்பழுப்பு. உன் ஊர்ச் செம்மண்ணின் நிறத்தையே பாம்புக்கும் பூசிவிட்டாயோ என்று தோன்றுகிறது. மண்ணுளியின் குட்டி ஆரஞ்சு கலந்த சிவப்பில், வால் பக்கம் கருவளையங்களோடு இருக்கும். வளர வளர வளையங்கள் மங்கும். பெரியவற்றில் மணல்மஞ்சளும் உண்டு, ஏறக்குறையக் கறுப்பும் உண்டு. சட்டை உரிக்கப் போகும் பாம்போ எந்த நிறமானாலும் மங்கித் தெரியும். அதனால் ஒவ்வொரு படத்தின் பின்னாலும் நீளம், மண், மாதம், சட்டை உரித்த நிலை எல்லாம் எழுதிவை. சாராயத்தில் ஊறும் அருங்காட்சியகப் பாம்பில் சிவப்பு நிற்காது. உயிரோடு பார்த்தவரின் தூரிகைதான் அதற்குச் சாட்சி. 1801-இல் பேட்ரிக் ரஸ்ஸல் மண்ணுளிக்கு 'போவா ஜானியை' என்று பெயரிட்டார், தரங்கம்பாடியில் வாழ்ந்த கிறிஸ்டோப் சாமுவேல் ஜான் பாதிரியாரின் நினைவாக. சோழமண்டலக் கரைப் பாம்புகளை வண்ணப்படங்களாக அச்சிட்டவர் ரஸ்ஸல். நீ அந்த வரிசையில் வருகிறவன்.

மண்ணுளியின் தூரத்து உறவான தென் அமெரிக்க போவாவில் இடத்துக்கு இடம் நிறம் மாறுவது இன்னும் துலக்கம். சுரினாம், கயானா பக்கம் வால் செக்கச்செவேலென்று இருக்கும். அர்ஜென்டினாவில் உடலே கருமை ஓடியிருக்கும். வளர்ப்போர் சந்தையில் ஊர்ப்பெயரே விலையை ஏற்றுகிறது. மத்திய அமெரிக்காவில், ஹோண்டுராஸின் காயோஸ் கொச்சினோஸ் தீவுகளில் இருந்த வெளிர்நிற போவாவை அந்தச் சந்தைக்காக 1980-களில் அள்ளிக்கொண்டு போனார்கள். தீவில் அவை அரிதாகிப்போயின.

நம் மண்ணுளிக்கு எடையை வைத்து விலை பேசுகிறார்கள். அதிர்ஷ்டம், மருந்து என்று சொல்வதெல்லாம் பொய். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் காப்பாற்றும் உயிர் இது. ஆனாலும் பெங்களூரில் கடத்தல்காரர்கள் பிடிபட்ட செய்தி அவ்வப்போது வந்துகொண்டுதான் இருக்கிறது. ஆகவே வெளியே காட்டும் படத்தில் உன் ஊர் இருக்கும் 'ஆனேக்கல் வட்டம்' என்பதோடு நிறுத்திக்கொள். எந்தத் தோட்டம், எந்த வரப்பு என்பது உன் குறிப்பேட்டைத் தாண்ட வேண்டாம். கைபேசிப் படத்தில் இடக்குறிப்பு தானாகவே பதிந்திருக்கும், அழித்துவிட்டு அனுப்பு.

வரைவதற்காக ஒரு பாம்பையும் பிடித்து வைத்துக்கொள்ளாதே. பாம்பு மீட்பவர்கள் வனத்துறைக்குச் சொல்லிவிட்டு, மீட்ட பாம்பை விடும்போது கூடப் போ. கிடைக்கும் சில நிமிடங்களில் உருவத்தை விட்டுவிடு, நிறத்தை மட்டும் காகிதத்தில் தொட்டு வை. மற்றதை வீட்டில் நிதானமாக முடிக்கலாம்.

அன்புடன்,
அண்ணன்